அக்கா பனியைத் தொட்ட கதை

எங்கள் தீவில் ஏறுவதற்கு எதுவும் இல்லை. அனலைதீவு அவ்வளவு தட்டை. மாரியில் பெய்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வீட்டு வாசல் ஒழுங்கையிலேயே நாட்கணக்கில் நிற்கும். என் வாழ்க்கையில் நான் ஏறியவை கோயில் படிகளும், ஊர்காவற்றுறையில் வள்ளத்திலிருந்து துறைக்கு ஏறும் படிகளும், பல்கலைக்கழக நூலகத்தின் மாடிப்படிகளும்தான். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோதுகூட மலையில் ஏறியது பேருந்து. நான் அதற்குள் இருந்தேன்.

ஆனாலும் மலைகளைப் பற்றி எனக்குத் தெரியும். நான் புவியியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அப்பா புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்து புகையிலைத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவுக்குப் படிப்பு நன்றாக வந்ததாம். அவளுடைய பள்ளிக்கூட வயதெல்லாம் இடம்பெயர்ந்து திரிந்ததில் போய்விட்டது. எல்லாம் அடங்கிய பிறகு எனக்கு மட்டும் அது வாய்த்தது. இப்போது தீவகத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். பனிக்கட்டியாறு என்ற பாடம் வரும்போது கரும்பலகை முழுவதையும் அழித்துவிட்டு ஒரே இழுப்பில் வரைவேன். மேலே பனி சேரும் கிண்ணம், நடுவில் நாக்குப்போல இறங்கும் பனி, இரண்டு பக்கமும் அது அரைத்து ஒதுக்கிய கல்மேடுகள். பார்த்தவர்களைவிடப் பார்க்காத நான் நன்றாக வரைகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அக்கா கலியாணம் செய்து சுவிஸுக்குப் போனாள். அங்கே ஒரு மலைக்கிராமத்து ஹோட்டலின் குசினியில் வேலை. கோப்பை கழுவும் இடத்துக்கு முன்னால் ஒரு யன்னல் உண்டு. அதற்குள்ளால் பார்த்தால் இரண்டு கறுப்பு மலைகளுக்கு நடுவில் ஒரு பனிக்கட்டியாறு தெரியும். அந்த யன்னலைப் பற்றி அவள் தொலைபேசியில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். குப்பை போட வெளியே வரும்போது வெளிநாட்டு ஆட்கள் வழி கேட்பார்களாம். அவள் கையை நீட்டிக் காட்டுவாளாம்.

"எல்லாருக்கும் வழி காட்டுறனான். நான் ஒருக்காலும் போனதில்லை. அத்தானுக்குக் குளிர் சரிவராது. தனியப் போகவும் மனமில்லை," என்பாள்.

போன வருடம் அத்தானுக்கு நகரத்தில் வேலை கிடைத்தது. ஆவணி முடிவதற்குள் வீடு மாற வேண்டும். மாறுவதற்கு முன் நான் வந்து நிற்கவேண்டும் என்று அக்கா பிடிவாதமாகக் கூப்பிட்டாள். பாடசாலை விடுமுறையில் போனேன். போய் இறங்கிய அன்றே என்னை மாடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"நடுவிலை வெள்ளையாக் கிடக்குதே, அதுதான்."

பாறையில் காயப்போட்ட படுக்கை விரிப்புப்போல இருந்தது. நான் வரைவதைவிடச் சின்னது. ஆனால் அது இருந்த உயரத்தைப் பார்த்தபோது என் கை மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒருக்காக் கையாலை தொட்டிட்டு வந்தாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றாள் அக்கா. "இவ்வளவு காலமும் அதுக்குக் கீழை நிண்டு கோப்பை கழுவினனான். தொடாமல் போனாள் எண்டு இருக்கக்கூடாது. நீ பக்கத்திலை நிண்டு, இது இப்பிடி இப்பிடி வந்தது எண்டு சொல்லோணும். உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. நான் புட்டை வைத்தே பாடம் எடுத்தேன். பனி தூள் தூளாக விழும், மேல் பாரத்தில் அடிப்பனி இறுகும், இறுகியது தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே நகரும்.

"அப்ப குழலுக்குள்ளாலை வாற புட்டுத்தான்," என்றாள் அக்கா.

"மலை பெரிய புட்டுக்குழல். அனலைதீவாருக்கு அப்பிடிச் சொன்னால்தான் விளங்கும்," என்றார் அத்தான். அவர் புங்குடுதீவு. பாலம் போட்ட தீவு என்பதால் எங்களை எப்போதும் ஒரு படி கீழே வைத்துத்தான் பகிடி விடுவார்.

அக்காவுக்குத் திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. வீடு மாறுவதற்கு முன் அப்படி ஒரே ஒரு திங்கட்கிழமைதான் மிச்சம். ஞாயிறு பின்னேரம் அம்மா வீடியோவில் வந்தபோது விஷயத்தைச் சொன்னோம். அம்மாவின் முகம் திரையை விட்டுப் போய்ப் பஞ்சாங்கக் கலண்டரோடு திரும்பி வந்தது. அதில் இலக்கங்களை மட்டும் பார்க்க அவருக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை ஏழரை ஒம்பது ராகுகாலம். அதுக்குப் பிறகு வெளிக்கிடுங்கோ."

"எந்த நாட்டு ராகுகாலம் அம்மா?" என்றேன்.

"ராகுவுக்கு நாடு இருக்கோ?"

"மாமி, ஊர் நேரப்படி எண்டால் நாங்கள் நித்திரையா இருக்கேக்கையே அது முடிஞ்சிடும்," என்றார் அத்தான்.

"மலை ஏறப் போறீங்கள், என்னோடை பகிடியோ? ஒம்பது தாண்டி வெளிக்கிடுங்கோ. அவ்வளவுதான்."

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. தூர இருக்கிற பிள்ளைகள் இந்த மாதிரி விஷயங்களில்தான் அம்மா சொல்வதைக் கேட்க முடியும்.

அடுத்த நாள் காலையில் வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. நாங்கள் சப்பாத்துக் கட்டி, பையைத் தோளில் கொழுவி, கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்து ராகுகாலம் முடியக் காத்திருந்தோம். யன்னலுக்கு வெளியே தடியூன்றிய ஆட்கள் கூட்டம் கூட்டமாக மேலே போனார்கள். அக்கா எழும்பி எழும்பி யன்னலடிக்குப் போய் வந்தாள்.

"எங்கடை பெரிய சமையல்காரன் சொல்லுறவன், மலைக்கு விடியவே போயிடோணும், மத்தியானத்துக்குப் பிறகு அதை நம்ப ஏலாது எண்டு," என்றாள்.

"நான் போனிலை பாத்தனான். பின்னேரம் வரைக்கும் வெயில் எண்டுதான் கிடக்கு," என்றேன்.

ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'இது மூடநம்பிக்கை அக்கா, எழும்புங்கோ' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எழும்பியிருப்பாள்; என் படிப்புக்கு அவளிடம் அவ்வளவு மதிப்பு. நான் சொல்லவில்லை. அந்த மலையை இன்னும் கொஞ்ச நேரம் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

தார் வீதி முடியும் இடத்தில் அத்தான் காரை நிறுத்தினார். அவர் இறங்கவில்லை.

"எனக்குக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலே தடிமனும் தும்மலும் வரும். நீர் டீச்சர், முன்னுக்குப் போய் வழி காட்டும். எனக்கும் சேர்த்து ஒருக்காத் தொடுங்கோ," என்று சொல்லிவிட்டு ஆசனத்தைப் பின்னால் சாய்த்தார்.

முதலில் காடு. பாதை அகலமாக, இரண்டு பக்கமும் மரங்களோடு இருந்தது. நான் முன்னால் நடந்தேன். நடந்தேன் என்பதைவிடப் பேசிக்கொண்டே போனேன் என்பது பொருந்தும். இந்த மரம் ஏன் இந்த உயரத்தோடு நின்றுவிடுகிறது, இந்தக் கல் ஏன் இப்படி வழுவழுப்பாக இருக்கிறது என்று வாய் ஓயவில்லை. குசினியில் நாள் முழுவதும் நின்று நின்று அக்காவின் முழங்கால்கள் வீங்கியிருந்தன. அவள் மெல்லத்தான் வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வகுப்பில் பிந்தி எழுதும் பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல அவளுக்குக் காத்திருந்தேன். எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அக்கா அவர்களுடைய பேச்சிலேயே சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காடு முடிந்ததும் பாதையோரமாக ஒரு ஆறு இரைந்துகொண்டு இறங்கியது. சாம்பலும் பாலும் கலந்த நிறம். அக்கா குனிந்து கையை வைத்தாள். "அம்மாடி!" என்று உடனே எடுத்துக்கொண்டாள்.

"இது பனியிலையிருந்து வாறதுதானே? இதைத் தொட்டால் கணக்கோ?"

"இல்லை அக்கா. இது உருகின தண்ணி. பனி வேறை," என்றேன்.

"சரி டீச்சர்," என்று சிரித்துவிட்டு ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.

அதற்குப் பிறகு கற்கள். கற்களுக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாக வழிக்குறி பூசியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதை ஒரு நீண்ட கல்மேட்டின் முதுகில் ஏறியது. நான் கரும்பலகையில் ஒவ்வொரு வருடமும் ஒரு கோடாக இழுக்கிற அதே கல்மேடு. அந்தக் கோட்டின் மேல் ஆட்கள் நடக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பாதை ஒரு ஆள் அகலம். இடது பக்கம் சரிவு. வலது பக்கம் அதைவிட மோசமான சரிவு. அடியில் அந்தச் சாம்பல் ஆறு ஒரு நூலாகக் கிடந்தது.

மழை மேலே இருந்து வரும் என்றுதான் தீவில் பிறந்த எனக்குப் பழக்கம். கடலுக்கு அப்பால் கறுக்கும், காற்று வரும், பிறகு மழை வரும். அங்கே முகில் கீழேயிருந்து வந்தது. பள்ளத்தாக்குக்குள் ஒரு வெள்ளைத் துண்டு தோன்றி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சரிவில் ஏறி எங்கள் காலைத் தொட்டது. காற்றும் வந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்காரவேண்டும் என்று நினைக்கவில்லை. கால்கள் தாமாகவே மடிந்தன. இரண்டு கைகளாலும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

கல்மேட்டில் நான் தயங்கி நடக்க என்னைத் தாண்டி முன்னால் போயிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி?"

"ஒண்டுமில்லை. மழை வரப்போகுது. திரும்புவம்."

"அந்தப் பக்கம் வெளிச்சுக் கிடக்குதே."

"நான் படிச்சனான் அக்கா. இது இடிமுகில். மலையிலை இடிமுகிலுக்குள்ளை நிக்கக்கூடாது."

அது வெறும் புகார், மூடுபனி. வெயில் ஏறப் பள்ளத்திலிருந்து எழுந்து சற்று நேரத்தில் கலைந்துபோகும் புகார். அதையும் நான் படிப்பித்திருக்கிறேன்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்," என்று அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினாள். வெள்ளைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்கு மங்கலாகத் தெரிந்தது. பிறகு புகார் நடுவால் கிழிந்தது. முன்னால் பனிக்கட்டியாறு கிடந்தது. எங்கள் வீட்டுப் படலையிலிருந்து பிள்ளையார் கோயில் இருக்கும் தூரம்கூட இல்லை. கரையெல்லாம் மண்ணும் கல்லும் அப்பி ஊத்தையாக இருந்தது. ஆனால் வெடிப்புகளுக்குள்ளே நீலம். கரும்பலகையில் அந்த நீலத்துக்கு நான் ஒருபோதும் வெண்கட்டி எடுத்ததில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் படம் கறுப்பு வெள்ளை.

அக்கா துள்ளி எழும்பினாள். "இந்தா, இஞ்சை தானே கிடக்கு! எழும்பு, எழும்பு! திரும்ப மூடப் போகுது!"

"காலை எடுக்க ஏலாது அக்கா."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மறுபடி குந்தினாள். குரலைத் தாழ்த்தி, "பயமோ?" என்றாள்.

நான் கல்லை இன்னும் இறுகப் பிடித்தேன்.

"என்ரை கையைப் பிடி. கீழை பாக்காதை. வள்ளத்திலை இருக்கிற மாதிரி நினைச்சுக்கொள்."

கார்த்திகைக் கடலில், அலை முகத்தில் அடிக்க, புத்தகப் பையை மடியில் அணைத்துக்கொண்டு படிக்கப் போய் வந்தவள் நான். பெரிய ஆம்பிளைகள் எல்லாம் நயினைக் கோயில் அம்மாளைக் கூப்பிடும்போது பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த ஆளை அந்த இடத்தில் எனக்குள் தேடினேன். கிடைக்கவில்லை.

மேலேயிருந்து ஒரு வயதான சோடி இறங்கி வந்தது. பனியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். பாதை நடுவில் நான் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் நின்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அவர்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் நான் அறியாத ஒரு சின்னப் பிள்ளையின் முகமாக மாறியிருந்தது.

"இவ உன்னோடை இருக்கிறாவாம். நான் கெதியாப் போய்த் தொட்டிட்டு ஓடி வரட்டாம். கால் மணித்தியாலம் காணுமாம்." ஒரு மூச்சு விட்டாள். "நான் போகட்டோ?"

அந்த அம்மா என் பக்கத்தில் இருக்க ஆயத்தமாகக் கைத்தடியைச் சாத்தி வைத்தார். எல்லாம் சரியாக வந்திருந்தது. நான் ஓம் என்று தலையாட்டினால் போதும்.

அக்காவின் மேற்சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதேங்கோ. என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து, தாளைப் பிரித்து, என் உள்ளங்கையில் வைத்துக் கன்னத்தில் தட்டினார். நான் இருபத்தெட்டு வயது ஆசிரியை. அந்த இனிப்பை வாயில் போட்டேன். போடாமல் இருக்கத் தெரியவில்லை.

அவர்கள் போனதும் மேலால் போன ஒரு முகில் கொஞ்ச நேரம் சின்னச் சின்ன ஆலங்கட்டியைக் கொட்டியது. அக்கா என் மேல் கவிழ்ந்து என் தலையைத் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முதுகில் ஆலங்கட்டி விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அது நின்ற பிறகு இறங்கத் தொடங்கினோம். நான் நிற்கவில்லை; இருந்த இருப்பில் பின்பக்கத்தால் அரைந்து அரைந்து இறங்கினேன். அக்கா எனக்குக் கீழே நின்று என் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கல்லில் வைத்தாள். "இந்தக் கால் இஞ்சை. மற்றக் கால் இஞ்சை. அவ்வளவுதான், அவ்வளவுதான்." வீங்கிய முழங்கால்களோடு அவள்தான் முழு வழியும் பின்பக்கமாக இறங்கினாள்.

காட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் எறித்தது. மலை கழுவித் துடைத்ததுபோல நின்றது. உச்சிவரை ஒரு முகில் இல்லை. பின்னேரம் முழுவதும் அப்படியேதான் இருந்தது. நான் சொன்ன இடி வரவே இல்லை.

அத்தான் என் காற்சட்டையைப் பார்த்தார். "என்ன டீச்சர், சறுக்கி விளையாடினனீரோ? தொட்டனீங்களோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஓம். தொட்டனாங்கள். காரை எடுங்கோ, பசிக்குது," என்றாள்.

அன்று பின்னேரம் அம்மா வீடியோவில் வந்தார். அக்கா போனைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். பனி வழுவழுப்பு இல்லையாம், கல்லுப்பு மாதிரிக் கரடுமுரடாம். கையை வைத்தால் முதலில் சுடுமாம், பிறகுதான் குளிருமாம். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்குமாம். அதில் பாதி என்னுடைய புட்டுப் பாடத்திலிருந்து வந்தது. மற்றப் பாதி எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"தங்கச்சிக்குப் பயமில்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"அவவோ? அவதான் முன்னுக்குப் போனவ."

என் முகம் எரிந்தது. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது; அவளிடம் கடன்பட்ட மாதிரி இருந்தது. மிச்ச நாட்களும் நாங்கள் இருவரும் சாமான் கட்டினோம், கோப்பைகளைத் தாளில் சுற்றினோம். மலையைப் பற்றிப் பேசவில்லை. நான் புறப்படும் நாளில் மலையைப் பார்க்க மாடத்துக்குப் போனேன்; அவள் வரவில்லை.

ஊருக்கு வந்து பார்த்தால் கதை எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. அம்மா கோயிலில் சொல்லியிருந்தார், சங்கக்கடையில் சொல்லியிருந்தார், படகில் சொல்லியிருந்தார். "என்ரை பெட்டையள் இரண்டும் பனிமலையைத் தொட்டிட்டு வந்ததுகள்." படகோட்டும் அண்ணை துறையில் கைகொடுத்து ஏற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"டீச்சர், பனி எப்பிடி? கட்டியோ களியோ?"

"கட்டிதான் அண்ணை."

"நக்கிப் பாத்தனீங்களோ? இனிப்பே?"

படகு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். அதிபர் கேட்டார். ஒவ்வொரு தரமும் கல்லுப்பு மாதிரி, முதலில் சுடும் என்று அக்காவின் வார்த்தைகளையே எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையில் அந்த இனிப்பின் பிசுபிசுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வளவு மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா அழைத்தாள். அவள் இப்போது இருக்கும் நகரத்து வீட்டில் குசினி யன்னலுக்கு நேரே அடுத்த கட்டிடத்தின் சுவர்.

"மாமிக்கு ஒருக்கா அந்தப் பனிக் கதையைச் சொல்லு மோனை," என்றார் அம்மா.

அக்காவின் முகம் மலர்ந்தது. தொடங்கினாள். இந்த முறை பனிக்குள்ளே ஒரு குகை வந்தது. நீல வெளிச்சம் வந்தது. நான் அவளுக்குக் கைகொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீர் பெரிய ஆள்தான்," என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"காணும் அக்கா," என்றேன். "நாங்கள் போகேல்லை. ஒருத்தரும் ஒண்டையும் தொடேல்லை. நான் பயந்து பாதியிலை இருந்திட்டன்."

அக்கா வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள். நெட் நின்றுவிட்டது என்று அம்மா போனைத் தட்டினார். நெட் நிற்கவில்லை. அக்காவின் கண் அசைந்தது. "இஞ்சை ஆரோ பெல் அடிக்கினம்," என்று சொல்லித் தொடர்பை வெட்டினாள்.

மாமி எழும்பி, "நான் பேந்து வாறன்," என்று போய்விட்டார். அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ போகேல்லை. சரி. கொக்கா, மூத்தவள், போனவள்தானே?"

"இல்லை அம்மா. என்னாலை அவவும் போகேல்லை."

முழு உண்மையையும் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சு இலேசாக இருந்தது. ஒளிக்காமல், குறைக்காமல் சொன்னேன். படித்தவள் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் இடைவேளையில் அக்கா அழைத்தாள். வகுப்பறைகளுக்குப் பின்னால் போய் நின்று எடுத்தேன்.

"உன்னை ஆர் கேட்டது?" என்றாள். வேறு எதுவும் சொல்வதற்கு முன் அதுதான்.

"நீங்கள் எனக்காகப் பொய் சொல்லுறீங்கள். எனக்கு வெக்கமா இருக்கு அக்கா."

"உனக்காகவோ?" அவள் சிரித்தாள். அது சிரிப்புப்போல இல்லை. "உனக்காகச் சொன்னனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? நான் எனக்குச் சொன்னனான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீ பட்டம் எடுத்தனி. அம்மா ஊர் முழுக்கச் சொன்னவ. உனக்கு வேலை கிடைச்சது, அதையும் சொன்னவ. என்னைப் பற்றி அவ என்னத்தைச் சொல்லுறது? மூத்தவள் சுவிஸிலை கோப்பை கழுவுறாள் எண்டோ? மூத்தவள் பனியைத் தொட்டவள் எண்டு சொல்ல அவவுக்கு ஒரு கதை கிடந்தது. எனக்கும்தான். சொல்லச் சொல்லத் தொட்ட மாதிரியே இருந்தது. சில நேரம் கை குளிரும். அது உனக்கு என்ன செய்தது?"

"அடுத்த வருஷம் வாறன் அக்கா. இரண்டு பேரும் போவம்."

"வந்து? திரும்பக் குந்தி இருப்பியோ?" கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "மணி அடிக்குது போலை. போ. பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள்."

மணி இன்னும் அடிக்கவில்லை.

பின்னேரப் படகில் அண்ணை ஏதோ பகிடி விட்டார். என்னவென்று காதில் விழவில்லை. நான் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மலையில் என் பயத்துக்காக அவளைத் திருப்பினேன். வீட்டில் என் வெட்கத்துக்காக, அவளிடம் மிஞ்சியிருந்ததையும் அம்மாவின் முன் போட்டு உடைத்தேன். இரண்டாவதைச் செய்தபோது நேர்மையான ஆள் என்ற எண்ணம் வேறு. முதலாவதைவிட இதுதான் என்னைக் கூசவைத்தது. பயத்துக்காவது கால் நடுங்கியது. இதற்கு எதுவும் நடுங்கவில்லை.

அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, நேற்று நான் பிழையாச் சொல்லிப்போட்டன். நான்தான் பாதியிலை இருந்திட்டன். அக்கா போனவ. தனியப் போய்த் தொட்டிட்டு வந்தவ."

அம்மா செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நேற்று இல்லை எண்டாய்."

"நேற்று எனக்கு ரோசம். அவ போனவ, நான் போகேல்லை எண்டு மாமிக்கு முன்னாலை சொல்ல மனமில்லை."

"மெய்யே?"

"மெய்தான்."

"அம்மாளாணை?"

அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். எங்கள் வீட்டில் நயினை அம்மாளின் பெயரில் ஆணையிட்டால் அதற்குப் பிறகு பேச்சு இல்லை. எனக்கு நாக்கு எழும்பவில்லை. அம்மா வாளித் தண்ணீரை ஊற்றிக் கத்தியைக் கழுவினார்.

"சரி விடு. அம்மாளை இதுக்குள்ளை இழுக்க வேண்டாம்," என்றார்.

கருவேப்பிலை கேட்டு மாமி வேலியடிக்கு வந்தார். நேற்றைய கதையின் மிச்சத்தை அறியும் ஆவலும் அவர் முகத்தில் இருந்தது. அம்மா எழும்பி, ஈரக்கையோடு கொப்பை முறித்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, ஒழுங்கையில் போகிறவருக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"மூத்தவள் தனியப் போய்த் தொட்டவள். இவள்தான் நடுவழியிலை குந்தியிருந்து குளறினவளாம். அந்தக் கடுப்பிலைதான் நேற்று ஒருத்தரும் போகேல்லை எண்டு சொன்னவள். படிச்சென்ன, கால் நடுங்கினால் நடுங்கினதுதானே."

மாமி என் பக்கம் திரும்பினார். "மெய்யே பிள்ளை?"

"ஓம் மாமி."

"குளறினனீரோ?"

மலையில் நான் அழவில்லை. அழுகை வரும் அளவுக்குக்கூட எனக்கு உணர்வு இருக்கவில்லை.

"ஓம். நல்லாக் குளறினனான்."

மாமி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளை விடியும்போது இது துறைக்குப் போய்விடும், படகில் ஏறிவிடும், என் வகுப்புக்குள்ளும் வந்துவிடும். எனக்குத் தெரியும். நான் அந்த இடத்திலேயே நின்றேன். மாமி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மூத்தவள் கெட்டிக்காரி," என்றார்.

"பின்னை," என்றார் அம்மா. மறுபடி குந்தி, அடுத்த மீனைக் கையில் எடுத்தார்.